கண்ணை மூடிக்கொண்டு காட்டிய கோபுரம்

டீச்சர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் கோபுரத்தைக் காட்டுவார். வீடு பார்க்க வந்தவர்களை எட்டாவது மாடிப் பால்கனியில் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தான் பின்னால் நின்று கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். மறு கையை நீட்டி, "நேர தெரியுறது வடக்குக் கோபுரம். அதுக்கு இடது கைப்பக்கம் கிழக்கு, வலது பக்கம் மேற்கு. பின்னாடி ஒசரமா நிக்குது பாருங்க, அது தெற்கு" என்பார். விரல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். டீச்சர் கண்ணை இறுக மூடி நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறும். ஒருமுறை ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "வேதக்காரங்கல்ல, நம்ம கோபுரத்தப் பாக்கக் கூடாதுன்னு வச்சிருப்பாங்க போல" என்று கிசுகிசுத்தார். அதற்கு அவர், "இருந்தாலும் நமக்குக் காட்டுறாங்க பாரு, அதுதான் பெரிய மனசு" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனால் எந்தச் சாமியோடும் சண்டை கிடையாது. கீழே பார்க்கத்தான் பயம்.

ஆற்றுக்கு வடகரையில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் உண்டு. அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அது "ஒம்போது மாடி". பஸ்ஸில் கண்டக்டரே "ஒம்போது மாடி எறங்கு" என்றுதான் கத்துவார். உண்மையில் எட்டு மாடிதான். கார் நிறுத்துகிற தரைத்தளத்தையும் சேர்த்து ஊர் ஒன்பதாக்கிவிட்டது. யார் "ஒம்போது மாடி" என்று சொன்னாலும் டீச்சர் பதறிப்போய், "எட்டுதான், எட்டுதான்" என்பார். வீட்டைப் புகழ்ந்தவர்களுக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடித்துப்போகும்.

அதுவரை மதுரைக்காரனுக்கு உயரம் என்றால் கோபுரம். அதற்கு மேலே எதுவும் எழும்பக் கூடாது என்பது சட்டமா சம்பிரதாயமா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அதைப் பற்றி எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. கட்டடம் எழும்பிய காலத்தில் ஜனங்கள் வைகை மணலில் நின்று ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை அளந்து பார்ப்பார்கள். கோபுரத்தைவிடக் குட்டைதான் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு நிம்மதி, பாதிப் பேருக்கு ஏமாற்றம். முதல் மாடியில் இருந்த வக்கீல் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். அங்கே ஒரு பட்டர் வந்து, "இத்தனை பெரிசாக் கட்டிருக்காளே, கேஸ் போட எடமிருக்கா?" என்று வெகுநேரம் விசாரித்தார். போகும்போது வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு லிப்டில் ஒருமுறை உச்சிக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு கேஸ் பேச்சே எடுக்கவில்லை.

லிப்டுக்கு அப்படி ஒரு மவுசு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேரையூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நிற்பார்கள். மேலே போய் இறங்கியதும், "வயித்துல ஒரு மாதிரி பண்ணுதுல்ல!" என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஊர் திரும்புவார்கள். வாட்ச்மேன் அண்ணன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்த் திங்கட்கிழமை சைகையில்தான் பேசுவார்.

வேடிக்கை பார்க்க வந்த அம்புட்டுப் பேரில் குடியிருக்க வந்தவர்கள் குறைவு. இடம் ஒரு காலத்தில் கண்மாய். அதை மண் போட்டு நிரப்பித்தான் கட்டடம் எழும்பியது என்று வடகரையில் எல்லாருக்கும் தெரியும். "கண்மாய்க்குள்ள கட்டுன வீட்டுல மழைக்காலத்துல எப்படிப் படுக்கிறது?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதைக் கட்டிய இன்ஜினியர் சார்தான் டீச்சரின் வீட்டுக்காரர். வெள்ளைச் சட்டை, பையில் ரெண்டு பேனா, எதைக் கேட்டாலும் சிரித்த முகம். கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. வாங்க வந்த கூட்டம் ஒன்று ரொம்பவும் இழுத்தடித்தபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பொண்டாட்டியையும் புள்ளையையும் உச்சி மாடியில குடி வைக்கிறேன். அப்ப நம்புவீங்கல்ல?" என்றார். நம்பினார்கள். அடுத்த மாதமே டீச்சரும் அவர் மகளும் எட்டாவது மாடிக்குக் குடிவந்தார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. வக்கீல் ஆபீஸில் இருந்ததால் எதை எதையோ ஜாமீன் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொண்டாட்டியை ஜாமீன் வைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவர் டீச்சர். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் மேலே போக மாட்டார். எங்கள் ஆபீஸ் பெஞ்சில் கட்சிக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து காலைப் பேப்பரைப் பிரிப்பார். படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு கேஸும் இல்லாமல் வக்கீல் ஆபீஸுக்குத் தினமும் வந்த ஒரே ஆள் அவர்தான். "என்ன டீச்சர், வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டால், "போறேன், போறேன். கால் கொஞ்சம் ஆறட்டும்" என்பார். அந்தக் கால் ஆறுவதற்குள் எங்களுக்கு ஆபீஸ் மூடும் நேரமே வந்துவிடும். அப்புறம் படியில் ஏறுவார். லிப்டில் போக மாட்டார். கேட்டால் மூட்டுக்கு நல்லது என்பார்.

அவர் வீட்டுக்குள் நான் முதல் தடவை போனபோது ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. என்னவென்று பிடிபட வெகுநேரம் ஆனது. அந்த வீட்டில் தொங்குகிற சாமான் எதுவுமே இல்லை. சுவரில் காலண்டர் கிடையாது, ஆணியில் சாவிக்கொத்து கிடையாது, ஜன்னலில் திரை கிடையாது. அவர் அப்பா சீதனமாகக் கொடுத்த தேக்கு ஊஞ்சல் பலகை சங்கிலியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"ஏன் டீச்சர், மாட்டலாமே? இம்புட்டுக் காத்துல ஊஞ்சல்ல உக்காந்தா சொர்க்கம்ல?"

"அது ஆடுச்சுன்னா, எது ஆடுதுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்" என்றார். நான் விழித்தேன். அவரே சிரித்துவிட்டு, "சும்மா சொன்னேன், காபி சாப்பிடு" என்றார்.

சும்மா சொல்லவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வயர் கூடை எப்போதும் தயாராக இருக்கும். அதில் மகளுக்கு ஒரு மாற்றுத்துணி, டார்ச் லைட், பைபிள், பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் நமுத்துப்போனால் எனக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வைப்பார். ஆடி மாதக் காற்று அடிக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செருப்பைக் காலில் மாட்டுவார். தான் மாட்டுவது அவருக்கே தெரியாது. கீழே ரோட்டில் மணல் லாரி போனால் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, லாரி தாண்டின பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகப்போக, நானும் லாரிச் சத்தம் கேட்டால் டைப் அடிப்பதை நிறுத்த ஆரம்பித்தேன். இந்தப் பீடை எங்கேயிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஆனால் வெளியாட்கள் முன்னால் வேறு ஆள். "இம்புட்டு ஒசரத்துல பயமா இல்லையா டீச்சர்?" என்று யார் கேட்டாலும், "பயமா? காத்து நல்லா வருதுங்க" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது சார். ஆரம்பத்தில் ஒருவரிடம், "பழகிருச்சு" என்று சொன்னாராம். "பழகிருச்சுன்னா முதல்ல பயம் இருந்துச்சுன்னு அர்த்தம் ஆயிரும்ல? காத்து நல்லா வருதுன்னு சொல்லு, போதும்" என்று திருத்தினாராம்.

"உங்க பயத்த சார்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லாமலா? உனக்கு நரம்புத் தளர்ச்சி, டானிக் சாப்பிடுங்கிறாரு. கட்டடம் கல்லு மாதிரி நிக்குதாம். நாந்தான் ஆடுறேனாம்." டானிக் பாட்டிலையும் காட்டினார். பாதி காலியாகியிருந்தது.

டீச்சருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். எல்லா வீடும் விற்றுப்போனதும் கீழே இறங்கிவிடலாம் என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார். கீழக்குயில்குடிப் பக்கம், சமணர் மலை தெரிகிற மாதிரி ஒரு மனை பார்த்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் டீச்சர் முகத்தில் ரத்தம் ஓடும். "அடியில முழுக்கப் பாறைப்பா. கடப்பாறையப் போட்டா ணங்குனு சத்தம் கேக்குது. ஒரே ஒரு தட்டு வீடு. மாடியே வேணாம்னு சொல்லிட்டேன். மொட்டை மாடிக்குப் படிகூட வேணாம்." எந்த வீடு விற்றது, எது பாக்கி என்று அவரைப் போலக் கணக்கு வைத்திருந்தவர் யாரும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வீடுதான் பாக்கி. அவர் வீட்டுக்கு நேர் கீழே, ஏழாவது மாடியில்.

அந்தச் சமயத்தில்தான் அந்த மழைக்காலம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கரையானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை சார் தரைத்தளத்தில் கார்களுக்கு நடுவில் குனிந்து, ஒவ்வொரு தூணாகக் கருவி வைத்துப் பார்ப்பார். தூணில் சிவப்புப் பெயிண்டில் சின்னச் சின்னக் கோடு போட்டிருக்கும். "என்ன பாக்குறீங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "கரையான் ஏறுதான்னு பாக்குறேன்" என்றிருக்கிறார். டீச்சரும் நம்பிவிட்டார். நானும்தான் நம்பினேன். காங்கிரீட் தூணில் கரையான் எதைத் தின்னும் என்று எங்கள் ரெண்டு பேரில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு நல்ல மழை பெய்து விட்டிருந்தது. சார் எங்கள் ஆபீஸுக்கு வந்து மெட்ராஸில் இருந்த தன் கூட்டாளிக்கு டிரங்க் கால் போட்டார். லைன் சரியில்லை. கத்திக் கத்திப் பேசினார். "ஆமாய்யா, உட்காந்துருச்சு! கட்டடம் உட்காந்துருச்சு!" டீ கொண்டுவந்த டீக்கடை அண்ணன் கையில் கிளாஸோடு அப்படியே நின்றார். எங்கள் ஊரில் மழையில் சுவர் உட்காரும். கூரை உட்காரும். நாணயம் இல்லாதவன் நடத்துகிற சீட்டுக் கம்பெனி உட்காரும். உட்கார்ந்தது மறுபடி எழுந்திருக்காது. டீக்கடை அண்ணன் கிளாஸை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம்.

அவர் மட்டும் கொஞ்சம் நின்றிருந்தால் மீதியையும் கேட்டிருப்பார். சார் சந்தோஷமாகத்தான் கத்திக்கொண்டிருந்தார். "இம்புட்டு வருஷம் உட்காந்துக்கிட்டே இருந்துச்சா, இப்ப நின்னுருச்சு! இந்த மழைக்கும் தூண்ல போட்ட கோடு ஒரு நூல்கூட எறங்கல! இனிமே எறங்காது!"

அவர் போனை வைப்பதற்குள் படிக்கட்டு முழுக்க ஆள். டி.வி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர், உலையில் கொதித்த சோற்றுப் பானையோடு ஒரு அம்மாள், சட்டை போடாமல் எங்கள் வக்கீலே. நான் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு சாருக்குப் பின்னால் வாசலுக்கு வந்தேன். ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. "ஒம்போது மாடி உட்காந்துருச்சாம்! மூணு மாடி உள்ள போயிருச்சாம்!" என்று எட்டு மாடியையும் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருவன் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்கிறான். அவனும் ஆமாம் ஆமாம் என்கிறான்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டீச்சர் வந்தார். பள்ளியிலிருந்து வருகிறார், கையில் குடை. மகளுக்கு அன்று காய்ச்சல், சாரை நம்பி வீட்டில் விட்டுப் போயிருந்தார். மேலே தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

"பாப்பா மேல இருக்கா" என்றார். வேறு வார்த்தை வரவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடப்போனவரின் கையைச் சார் பிடித்தார்.

"ஓடாத. ஒண்ணுமில்ல, எல்லாம் புரளி. நீ ஓடுனன்னா அம்புட்டுப் பேரும் நம்பிருவாங்க. லிப்ட்ல போ. மெதுவா நடந்து போ. பாப்பாவத் தூக்கிட்டு வந்து பால்கனியில நில்லு. சனம் பாக்கட்டும்." என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போம்மா" என்றார்.

டீச்சர் நடந்தார். வாசலிலிருந்து லிப்ட் வரைக்கும் சும்மா சர்ச்சுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். கூட்டம் சத்தமில்லாமல் பார்த்தது. கம்பிக் கதவை வாட்ச்மேன் அண்ணன் இழுத்துச் சாத்தியதுதான் தாமதம், என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் தோலுக்குள் இறங்கியது. உதடு மட்டும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. அந்த லிப்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு குலுங்கல் உண்டு. ஒவ்வொரு குலுங்கலுக்கும் ஜெபம் முதலிலிருந்து தொடங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "டீச்சர், பயப்படாதீங்க. நான் போன்ல அவரு பேசுனத முழுசாக் கேட்டேன். நல்ல அர்த்தத்துலதான் சொன்னாரு. கட்டடம் இனிமே உட்காராதாம். இம்புட்டு வருஷமா உட்காந்துக்கிட்டே இருந்துச்சாம், இப்ப நின்னுருச்சாம். தூண் தூணாப் பாத்துத்தான் சொல்றாரு."

ஜெபம் நின்றது. ஐந்தாவது மாடியோ ஆறாவது மாடியோ கம்பிக்கு வெளியே இறங்கிப்போனது.

"என்ன சொன்ன?"

"இனிமே பயமில்லன்னு..."

"அது இல்ல. இம்புட்டு வருஷமா?"

ஆறுதல் சொல்வதாக நினைத்து எதையோ போட்டு உடைத்துவிட்டேன் என்று தெரிந்தது. டீச்சர் என் கையை விட்டார். "அப்ப, நான் ஆடலல்ல?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

மேலே போய், தூங்குகிற மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். எப்போதும் பிடிக்கிற கதவு நிலையைத் தாண்டிக் கம்பி வரைக்கும் போனார். கண்ணை மூடிக்கொண்டு கையை அசைத்தார். கீழே இருந்து பெரிய சத்தம், கைதட்டல்கூட. டீச்சர் சிரித்தபடி நின்றார் என்றுதான் இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றவள் நான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு சார் மேலே வந்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் முகம் பளபளத்தது. டீச்சர் அவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "கரையான் போயிருச்சாங்க?" என்று கேட்டார்.

சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபியைப் பார்த்தார். "போயிருச்சு" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. டானிக் பாட்டிலை மட்டும் மறுநாள் குப்பைக்கூடையில் பார்த்தேன்.

புரளி புரளிதான் என்று தெரிந்த பிறகும் அந்தக் கடைசி வீட்டைக் கேட்க ஆள் வரவில்லை. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்ப்பார். யாராவது புது ஆள் வந்தால், "வீடு பாக்க வந்தீங்களா?" என்பார். அவர் வாய்தா கேட்க வந்தவராக இருப்பார். அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மதுரையிலேயே உத்தியோகம். மாமனார் பேரையூர் விவசாயி. "பையனுக்கு டவுன்ல ஒரு வீடு வாங்கிப் போடணும்" என்று அவர் சொன்னதும் நான் வெட்கத்தைவிட்டு ஏழாவது மாடியைச் சொன்னேன். ஆமாம், எனக்கு ஆசை. அந்தக் காற்றும், ஜன்னலைத் திறந்தால் கோபுரமும், லிப்டில் மல்லிகைப்பூவோடு போய் இறங்குவதும் எனக்கு வேண்டியிருந்தது. லாரிப் பயமெல்லாம் அந்த ஆசையில் போன இடம் தெரியவில்லை.

டீச்சரிடம் சொன்னபோது என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நெசமாவா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த வாரமே கீழக்குயில்குடிக்குப் போய்க் கிணற்றுக்கு இடம் பார்த்துவிட்டு வந்தார்கள்.

வீடு பார்க்க மாமனாரும் மாப்பிள்ளையும் வந்த அன்று டீச்சர் பட்டுச் சேலை கட்டியிருந்தார். கேசரி செய்திருந்தார். மாமனார் ஏழாவது மாடியைச் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டு, காபிக்கு எட்டாவது மாடிக்கு வந்து உட்கார்ந்தார். சார் பேப்பர்களை விரித்தார். மாமனார் அதைப் பார்க்கவே இல்லை.

"இன்ஜினியரய்யா, பேப்பரு எனக்குத் தெரியாது. நான் மாடு வாங்கப் போனாக்கூட வித்தவனக் கேக்க மாட்டேன், பால் கறக்குற பொம்பளையத்தான் கேப்பேன். டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. எங்க மருமக வந்து வாழப்போற வீடு. பயமில்லாம இருக்கலாமா?"

"காத்து நல்லா வருதுங்க" என்றார் டீச்சர், உடனே.

"அது வருது. நான் கேட்டது வேற."

சார் சிரித்தபடி, "சொல்லேன்" என்றார்.

டீச்சர் கேசரித் தட்டை மேஜையில் வைத்தார். என்னைப் பார்த்தார். "கட்டடம் நல்ல கட்டடம்" என்றார். "இவரு தப்பாக் கட்டல. விழாதுன்னு இவரு சொன்னா விழாது. ஆனா எனக்கு இங்க தூக்கம் இல்ல. குடிவந்த அன்னைக்குப் போனது, இன்னும் வரல. இந்தப் புள்ள என்னோட சேந்து சேந்து இப்பவே லாரிச் சத்தத்துக்குக் காதத் தீட்டுது. நான் பாத்திருக்கேன். கீழ் வீட்டுல அது முழிச்சுக் கெடக்கும், மேல் வீட்டுல நான் முழிச்சுக் கெடப்பேன். வேணாங்கய்யா."

மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்ல வார்த்தை சொன்னீங்கம்மா. வாரேன்" என்று கும்பிட்டார். சார் சிரிப்பு மாறாமல் லிப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கம்பிக் கதவு சாத்தும்போது எட்டிப் பார்த்தேன். டீச்சர் யாரும் தொடாத கேசரியைத் திரும்பப் பாத்திரத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம். என் தூக்கத்தைப் பற்றி இவர் யார் முடிவு பண்ண? கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனியாபுரத்தில் தனி வீடாகப் பார்த்து வாங்கினோம். மழை பெய்தால் வாசல்படி வரைக்கும் தண்ணீர், தலைக்கு மேலே ஏரோப்ளேன். ஒவ்வொரு தடவை தண்ணீரை வாரி ஊற்றும்போதும் டீச்சரைத் திட்டி ஒரு பாட்டுப் பாடுவேன்.

அந்த ஏழாவது மாடி வீடு பூட்டியே கிடந்தது. அது விற்காததால் டீச்சர் இறங்கவில்லை. கீழக்குயில்குடி மனை கைமாறிப் போனது. கடைசியில் ஊரில் அடுக்குமாடி பெருகி, எல்லாரும் மாடி வேண்டும் மாடி வேண்டும் என்று அலைந்தபோது, வெளிநாட்டிலிருந்து ஒருவர் போனிலேயே பேசி அதை வாங்கிக்கொண்டார். அப்போது சாருக்கு வாதம் வந்து கை கால் விழுந்திருந்தது. "நான் கட்டுன வீட்டுலருந்துதான் என்னத் தூக்கணும்" என்று படுக்கையிலிருந்து அவர் அடம் பிடித்தார். மகள் பெங்களூரிலிருந்து வந்து கூப்பிட்டும் டீச்சர் அவரை விட்டுப் போகவில்லை. சாருக்கு முன்னால் டீச்சரே போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. சுற்றிலும் அதைவிட உயரமாக எத்தனையோ வந்துவிட்டதால் இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

டீச்சரைக் கடைசியாக நான் பார்த்தது, என் பேத்தியை அதே மிஷன் பள்ளியில் சேர்த்த வருஷம். அந்த வழியாகப் போனவள், கால் தானாக உள்ளே திரும்பி, மேலே போய் மணியடித்தேன். ரொம்பவும் மெலிந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கரு வட்டம் தேய்த்தாலும் போகாத மாதிரி இருந்தது. உள்ளே கட்டிலில் சார் படுத்திருந்தார். நாங்கள் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வெகுநேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா எறங்கியிருக்கலாம்ல? இம்புட்டு வருஷமும் பாறை மேல நிம்மதியா இருந்திருப்பீங்க. இந்தக் கட்டடமும் விழல. நானும் இங்க ஒண்ணும் ஆகாம இருந்திருப்பேன். எதுக்கு டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

டீச்சர், சார் தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "நீ அங்க நல்லாத் தூங்குறியா?" என்று கேட்டார்.

"படுத்தாக் கட்டைதான் டீச்சர். தலைக்கு மேல ஏரோப்ளேன் போனாலும் தெரியாது. எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு."

"நெசமாவா? ஒரே தூக்கமாவா?"

"ஒரே தூக்கம்தான்."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"சொல்லேன், புள்ள" என்றார் ஆசையாக. "அது எப்படி இருக்கும்?"